குளத்தில் விழுந்தவருக்கு ஒரு பாஸ்வேர்டு

மனைவியின் அண்ணனுக்கும் எனக்கும் உள்ள ஒரே தகராறு, எங்கள் கல்யாணத்தன்று குளத்தில் விழுந்தது யார் என்பது. பந்தி முடிந்து கை கழுவப் படியிறங்கியவர் அவர். பாசியில் வழுக்கிப் புது வேட்டியோடு உள்ளே போனவரும் அவரே. அன்று சாயங்காலமே நாட்குறிப்பில் எழுதிவிட்டேன். வளைகுடாவில் பல வருடம் இருந்து திரும்பிய பிறகு, விழுந்தது நான் என்று சொல்லத் தொடங்கினார்.

அந்த நாட்குறிப்பைக் கரையான் தின்றுவிட்டது. நல்லவேளை, அதற்குமுன் பக்கங்களைப் படமெடுத்து, தட்டச்சும் செய்து, பழைய கணினி ஒன்றைச் சர்வராக்கி ஏற்றியிருந்தேன். முகவரி தெரிந்த சொந்தக்காரர் யாரும் படிக்கலாம், திருத்தலாம். ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தால், குளத்தில் மச்சானுக்குப் பதில் நான் கிடந்தேன். படத்தைப் பார்த்து அவரையே திரும்ப உள்ளே தள்ளினேன்.

பிறகு பூட்டுப் போட உட்கார்ந்தேன், வெள்ளிக்கிழமைதான் எழுந்தேன். பெயரும் பாஸ்வேர்டும் சரியாக இருந்தால் சர்வர் ஒரு டோக்கன் தரும். பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடைக்காரர் தரும் டோக்கன் போலத்தான். அதைக் காட்டினால்தான் எந்தப் பக்கமும் திறக்கும். ஒரு மணி நேரம் செல்லும். பாஸ்வேர்டு சர்வரிடம்கூட மாவாக அரைத்துத்தான் இருக்கும். மாவைப் பார்த்து அரிசியைச் சொல்ல முடியாது. ஐந்து தடவை தவறினால் ஒரு நாள் கதவடைப்பு. கொடுத்த டோக்கனை இடையில் செல்லாமலாக்கும் வசதியை மட்டும் அப்புறம் எழுதலாம் என்று விட்டேன். பாஸ்வேர்டு எங்கள் கல்யாணத் தேதி. மச்சானுக்குத் தேதி எதுவும் நினைவில் நிற்காது என்ற துணிச்சல்தான்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். கை கழுவும்போதே மச்சான் ஆரம்பித்தார்.

“கொளத்துல விழுந்தது நீராக்கும் மாப்ளே. கை குடுத்துத் தூக்கினது நானு.”

“எழுதி வச்சிருக்கேன் மச்சான்.”

“அப்பம் காட்டும் வேய்.”

கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். தேதியைத் தட்டினேன். தவறு என்றது. மெதுவாகத் தட்டினேன். கோடு போட்டுத் தட்டினேன். புள்ளி வைத்துத் தட்டினேன். நாலும் போயிற்று. சர்வருக்குள் நுழைந்து பாஸ்வேர்டை மாற்றத் தெரியும். ஆனால் அத்தனை பேர் முன்னால் அதைச் செய்தால், இப்போதுதான் எழுதினேன் என்பார் மச்சான். என் நாட்குறிப்பை அதன்பின் யார் நம்புவார்கள்?

“பாஸ்வேர்டு என்னது?” என்றாள் மனைவி.

“நம்ம கல்யாணத் தேதி.”

கூடத்தில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“ஏட்டி,” என்றார் மச்சான் தங்கையிடம், “நித்தமும் மழை பெஞ்சத எழுதுகவருக்குக் கட்டின நாளு தெரியல்லியே.”

அவள் கணினிப் பக்கம் வந்தாள். நான் தட்டியிருந்ததை எட்டிப் பார்த்தாள். “இங்கிலீஷ் வருசமாட்டா போட்டீங்க? தள்ளுங்க.”

பழைய திருவிதாங்கூர்க்காரர்கள் நாங்கள். நல்ல காரியத்துக்குக் கொல்லம் ஆண்டு, ஆபீஸ் காகிதத்துக்கு இங்கிலீஷ் ஆண்டு. பூட்டுப் போடும்போது கல்யாணத்தை நினைத்திருக்கிறேன், திறக்கும்போது கம்ப்யூட்டரை. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் இருந்தபடியே, கொல்லம் ஆண்டோடு தட்டினாள். திறந்துவிட்டது; ஒரு மணி நேரம் செல்லும் என்று திரையிலும் காட்டியது.

படத்தைப் பெரிதாக்கிச் சத்தமாக வாசித்தாள். “மச்சான் குளத்தில் விழுந்தார். கைக்கடிகாரமும் தண்ணீரோடு போயிற்று.”

“எங்க போச்சு?” மச்சான் எழுந்துவிட்டார். “வாட்ச் கையிலதான் கெடந்தது. தண்ணி கேறி ஓடாம நின்னுபோச்சு, அவ்வளவுதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. கூடம் சிரித்து ஓய நேரமாயிற்று. நான் நாற்காலியில் சாய்ந்தேன். மனைவி மட்டும் வாசிப்பை நிறுத்தவில்லை.

“பெண் வீட்டுப் பிரதமன் பாயசத்தில் இனிப்புக் குறைவு.”

வாசித்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“எங்க வீட்டுப் பிரதமனா?”

“அது... அன்னைக்கு எழுதினது,” என்று எழுந்தேன். மச்சான் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

“ஒரு மணி நேரம் இருக்குல்லா மாப்ளே. அவ திருத்தட்டும்.”

டோக்கனைச் செல்லாமலாக்க வழியில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் இன்றும் அந்தக் குளத்தில்தான் இருக்கிறார். பிரதமனும் நல்ல இனிப்பாக இருக்கிறது. படத்தில் என் கையெழுத்து வேறு சொல்கிறது; பாஸ்வேர்டும் தெரியும். ஆனாலும் அந்த வரியை நான் திருத்தவில்லை.