சின்ன அதிர்வுக்கு வெடித்த வீடு

போன வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தேன். கோப்பை நடுங்கியது. வயது போகிறது, கை நடுங்கத்தானே செய்யும் என்று கோப்பையை மேசையில் வைத்தேன். அங்கேயும் நடுங்கியது.

சரி... நான் இல்லை. பூமி.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். "மறுகாவும் ஆட்டுது போல" என்றார். பிறகு மீன் கழுவப் போய்விட்டார். நில அதிர்வுக்கு எங்கள் வீட்டில் இப்போது கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான்.

முதல் முறை இப்படி இருக்கவில்லை. அது ஒரு திங்கள் முற்பகல். நாளையும் கிழமையையும் குறித்து வைப்பது என் பழைய வியாதி என்பது இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு உறுமல், யன்னல் கண்ணாடிகள் சலசலத்தன, அலுமாரிக்குள் பீங்கான்கள் ஒன்றோடொன்று பேசின. ஒரு லொறி போகிற நேரம்கூட இல்லை. முடிந்துவிட்டது.

அதற்குள் கல்முனைக்குடியில் எங்கள் தெரு முழுவதும் வெளியே நின்றது. வேறு நாடுகளில் நிலம் அசைந்தால் மக்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள், மேசைக்குக் கீழே புகுந்துகொள்வார்கள் என்று வாசித்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் கூரையைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் கிழக்கே திரும்பியது. கடல் இருக்கிறதா, இருக்கிற இடத்தில் இருக்கிறதா?

சுனாமி வந்த காலையில் நிலம் அசைந்ததை எங்களில் பலர் உணரவேயில்லை. தண்ணீரைத்தான் கண்டோம். இருந்தாலும் பயத்துக்கு அந்த விபரமெல்லாம் தேவையா? ஆட்டோக்கள் மேற்கே பறந்தன. அடையாள அட்டை, நகைப்பெட்டி, சிலரிடம் அரைவாசி வெந்த சோற்றுப் பானை. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் மேற்கே காட்டோரம் இறக்காமத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீடு வரைக்கும் போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் வாசலிலேயே கேட்டாராம்: "நாங்க ஆனைக்குப் பயந்து ஒங்கட பக்கம் வாறதா, நீங்க கடலுக்குப் பயந்து எங்கட பக்கம் வாறதா? ஒரு முடிவச் சொல்லுங்க."

இரண்டாவது அதிர்வுக்குச் சந்தி வரைக்கும் ஓடினார்கள். அடுத்ததற்கு வாசல் கேற்றடி வரைக்கும். அதற்கடுத்ததற்குக் கதிரையை விட்டு எழும்பவில்லை — கைத்தொலைபேசியை மட்டும் எடுத்தார்கள். "ஒங்களுக்கும் ஆடிச்சா?" அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் கேட்பார், மருதமுனையிலிருந்து ஒருவர் 'ஓம், ஆடிச்சு' என்று போடுவார், தோஹாவிலிருந்து ஒருவர் துஆ அனுப்புவார். வீடு ஆடாதவர்களுக்கு அன்றைக்குக் கொஞ்சம் கவலை, தங்களை விட்டுவிட்டதே என்று.

பிறகு அதுவும் ஓய்ந்தது. ஊர் பழகிவிட்டது, பயம் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

போகவில்லை. தெருவிலிருந்து எழும்பி வீட்டுக்குள் போயிருந்தது.

என் மச்சான் சலீமை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். மனைவியின் தம்பி. கத்தாரில் பல வருடம் வெயில் குடித்துவிட்டு வந்து, இப்போது கல்முனை பஸாரில் புடவைக் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் ஷிப்னா. எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் வீட்டையும் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் குடிவருவார். மகள் தவழத் தொடங்கும்போதே தகப்பன் அத்திவாரத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். சுனாமிக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது — மேல்மாடி. கீழே கடல் வந்தால் மேலே ஏறி நிற்கலாம் அல்லவா? சலீமும் கட்டினார். மேல்மாடியில் கிழக்குப் பக்கமாக ஒரு பெரிய அறை. அதுதான் புதுத் தம்பதிக்கு.

நிந்தவூரில் — ஊரை மாற்றித்தான் எழுதுகிறேன் — மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. நல்ல பிள்ளை, ஆசிரியர். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நிக்காஹ் என்று பேச்சு.

ஒரு சனிக்கிழமை சலீம் என்னை மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அந்தப் பெரிய அறையின் பின்சுவரில் வெடிப்பு. பீமின் கீழே தொடங்கி, யன்னலின் மூலையைத் தொட்டு, சாய்வாக இறங்கியிருந்தது. ஒரு விரலின் நகம் உள்ளே போனது. முதல் அதிர்வில் மயிர் போல இருந்ததாம். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்திருக்கிறது.

ஒரு எஞ்சினியரைக் கூட்டிவந்து காட்டுவோம் என்றேன். சலீம் அறைக் கதவைச் சாத்தினார்.

"காட்டினா ஊருக்கே தெரிஞ்சிரும் மச்சான். பெரிய அதிர்வெண்டா அல்லாஹ்ட நாட்டம் எண்டு சொல்லிரலாம். இந்தச் சின்ன அதிர்வுக்கு வெடிச்ச ஊடு எண்டா என்ன சொல்லுவாங்க? சீமெந்துல கை வெச்சிட்டான் எண்டுதானே?"

அவர் சொன்னதில் பிழை இருந்தது, பொய் இருக்கவில்லை. சின்ன அதிர்வு என்பதுதான் பெரிய வெட்கம்.

மேசன் ஒருவர் வந்து வெடிப்புக்குள் சாந்தை அடைத்துப் பூசிவிட்டுப் போனார். பெயின்ட் அடித்தார்கள். பழைய சுவரில் புது நிறம் கொஞ்சம் துலாம்பரமாகத் தெரிந்ததால், கல்யாண அலுமாரியை அதற்கு முன்னால் நகர்த்தி வைத்தார்கள். முதிரை மரம். நாலு பேர் பிடித்துத்தான் அசைக்கலாம்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். ஆண்கள் நாங்கள் கீழே முன்மண்டபத்தில் இருந்து நெல் விலையைக் கதைத்தோம். பெண்கள் மேலே போனார்கள். இனி எழுதுவது என் மனைவி கண்டது. அவர் எனக்குச் சொன்னபடியே தருகிறேன்.

மாப்பிள்ளையின் தாய் அறையைச் சுற்றிப் பார்த்தார். யன்னலைத் திறந்து காற்றுப் பார்த்தார். குளியலறைக் குழாயைத் திருகிப் பார்த்தார். எல்லாம் நல்லது, மாஷா அல்லாஹ். திரும்பி இறங்கப் போகிற நேரம் ஷிப்னா வாயைத் திறந்தாள்.

"மாமி, இந்த அலுமாரிக்குப் பின்னால செவரு வெடிச்சிரிக்கி. பூசித்தான் வெச்சிரிக்கிறம். ஒங்களுக்குத் தெரியாம இரிக்கப்படா எண்டு சொல்லுறன்."

ஷிப்னாவின் தாயின் கையிலிருந்த சர்பத் தட்டம் அப்படியே நின்றதாம். என் மனைவி நிலத்தைப் பார்த்தார்.

அந்தத் தாய் கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் மெல்ல இருந்தார். "எனக்குத் தெரியும் மகள்" என்றார். "உள்ளுக்க வந்த நேரமே தெரியும். அலுமாரிய யாரும் இப்படி யன்னலோட ஒட்டி வெக்கிறல்ல. நாங்களும் எங்கட மகள்ற ஊட்டுல இப்படித்தான் வெச்ச."

அவருடைய மகளுக்கு முந்திய மாதம்தான் கல்யாணம் முடிந்திருந்தது. அந்த அறையிலும் வெடிப்பு. அங்கேயும் அலுமாரி. மருமகனுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் இன்றுவரை தெரியாது. இதைச் சொல்லிவிட்டு அழுதிருக்கிறார். மகள் அந்தச் சுவருக்குக் கீழேதான் தலை வைத்துப் படுக்கிறாள் என்று சொல்லி அழுதிருக்கிறார். ஷிப்னா அவர் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம். போகும்போது அவர் அவளுடைய தலையைத் தடவி, நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனார்.

என் மனைவி வீட்டுக்கு வந்து சொன்னார்: இனிப் பயமில்லை, மாமியும் மருமகளும் ஒன்றாகிவிட்டார்கள்.

நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு கிழமைக்குள், சம்பந்தம் பேசி முடித்த தரகர் வந்தார். மாப்பிள்ளைக்கு இடமாற்றம் ஒன்று வரப் பார்க்கிறதாம், கொஞ்சம் பொறுப்போமாம். இந்த ஊரில் 'கொஞ்சம் பொறுப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை.

வீடு வெடித்ததற்காக விட்டுவிட்டார்கள் என்று சலீம் சொல்கிறார். நான் வேறு மாதிரி நினைக்கிறேன். வெடிப்பை அந்தப் பெண்மணி உள்ளே வந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். கண்டும் காணாதது போல இறங்கிப் போகத்தான் இருந்தார். அவரைப் பயமுறுத்தியது தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகள். மகள் வீட்டு இரகசியம் இப்போது இன்னொரு குடும்பத்திடம் இருக்கிறது — அதுவும் மறைக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம். அவளை மருமகளாக வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாக இருப்பது?

சலீம் மகளோடு பல நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் கல்யாண வீட்டுக்குப் பந்தல் போட்டிருப்போம் என்று எங்கள் வீட்டில் வந்து புலம்பினார். ஷிப்னா என் மனைவியிடம் ஒன்றுதான் சொன்னாளாம்: "வாப்பாக்குக் கல்யாணம் ஒரு நாள் மாமி. அந்த அறைக்குள்ள ஒவ்வொரு நாளும் படுக்கப்போறது நானெல்லுவா?"

இதை எழுதும்போது எனக்கு ஒரு பழைய காட்சி நினைவுக்கு வருகிறது. சுனாமிக்கு அடுத்த நாட்களில் பள்ளிக்கூட மண்டபங்களில் நாங்கள் கிடந்தோம். யாரிடமும் மறைக்க எதுவுமில்லை. வீடு போனவர் வீடு போனவரோடு ஒரே பாயில் இருந்தார். யாருடைய சுவர் எந்தச் சீமெந்தில் கட்டினது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிய அழிவு வந்தால் மனிதர் கதவைத் திறந்து வெளியே வருகிறார்கள். சின்னச் சின்னதாக வந்தால்? ஆளாளுக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இந்தக் குட்டி அதிர்வுகள் எங்கள் ஊரில் ஒரு ஆளைக்கூடக் காயப்படுத்தவில்லை. நல்ல விடயம்தான். ஆனால் அவை செய்ததை நினைத்தால் மனசு கனக்கிறது.

போன வியாழன் அதிர்வுக்குப் பிறகு அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். இளம் ஆள், வெளியூர். வீடு வீடாகப் போய்ச் சுவர்களில் வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று விசாரிப்பது அவருடைய வேலை. இப்படிப்பட்ட விடயங்களில் எனக்கு இருக்கிற ஆர்வம் தெரிந்ததால், தெருவைக் காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நடந்தேன்.

முதல் வீட்டில் ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த வீட்டில் ஒன்றுமில்லை. அதற்கடுத்த வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மேல்மாடிக்கு ஏறச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் பெயின்ட் மணம் வாசலுக்கே வந்தது. உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். நான் சொல்ல என்ன இருக்கிறது? அங்கே நான் ஒரு சுவரையும் காணவில்லை. அந்த வீடுகள் எல்லாவற்றிலும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சலீம் வீட்டு வாசலுக்கு வந்தோம். சலீமும் தொண்டையைச் செருமிக்கொண்டு 'ஒன்றுமில்லை' என்று தொடங்கினார். நிந்தவூர்ச் சம்பந்தம் போனாலும் இன்னொரு இடம் வராமலா போகும் என்ற நம்பிக்கை அவருக்கு. ஷிப்னா உள்ளேயிருந்து வந்தாள். தகப்பனை ஒருதரம் பார்த்தாள். பிறகு உத்தியோகத்தரிடம் மேலே வரச் சொன்னாள்.

அலுமாரியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து நகர்த்தினோம். சலீமும் ஒரு பக்கம் பிடித்தார். வியாழன் அசைந்த அசைவில் புதுப் பூச்சு நீளத்துக்குப் பிளந்து, கீழே ஒரு பிடி சாந்து உதிர்ந்து கிடந்தது. உத்தியோகத்தர் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். அதிர்வாலா, மணலாலா, கட்டின விதத்தாலா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். ஆனால் பீமுக்கு முண்டு கொடுத்து, இந்தச் சுவரை உடைத்துப் புதிதாகக் கட்டாமல் ஒருவரும் இந்த அறையில் படுக்கக் கூடாது என்று திட்டமாகச் சொன்னார்.

நேற்று உடைத்தார்கள். சலீம் கடையைப் பூட்டிவிட்டு நின்று பார்த்தார். மகளோடு கதைக்கவும் தொடங்கியிருக்கிறார் — கல்லை எங்கே அடுக்குவது என்ற அளவில்.

உடைக்கிற சத்தம் கேட்டுப் பின்னேரம் எதிர்வீட்டுப் பெண்மணி வந்தார். நானும் மனைவியும் அங்கேதான் இருந்தோம். மாடியை அண்ணாந்து பார்த்தார், நெஞ்சில் கை வைத்தார். "இந்த றோட்டுல இத்தின ஊடு இரிக்கக்குள்ள ஒங்களுக்கு மட்டும் இப்படி ஆகிப்போச்சே புள்ள" என்றார்.

ஷிப்னா தேத்தண்ணியை நீட்டினாள். "ஓம் சாச்சி. எங்களுக்கு மட்டுந்தான்."

அவர் குடித்து முடிக்காமலே எழும்பிப் போனார். அவருடைய மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.