அண்ணன் வேண்டாமென்ற கார்

ஒரு சீட் பெல்ட்டை அத்தனை நீளம் இழுக்க முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. நீலக் காரின் திறந்த கதவருகே குந்தியபடி அண்ணன் அதை இழுத்துக்கொண்டே போனார். வழக்கமாக வெளியே தெரிகிற பகுதி புதிதுபோல் கறுப்பாக இருந்தது. கடைசி ஒரு முழம் வெளியே வந்தபோது நிறம் மாறியது. வெளிர் பழுப்பு, அதன் விளிம்பில் ஒரு கோடு. கட்டைவிரலால் தேய்த்து என்னிடம் நீட்டினார். விரலில் மாவுபோல் சேறு ஒட்டியிருந்தது. "தண்ணியில நின்ன காடி லா, தங்கச்சி. சீட்டு வரைக்கும் முங்கியிருக்கு. வேணாம்." விற்பவர் சற்றுத் தள்ளி நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் பெல்ட்டைக் கைவிடாமல் மெல்ல உள்ளே போகவிட்டார். பழுப்பு மறைந்தது. கார் மறுபடியும் அழகாகிவிட்டது. நான், "சரிண்ணே," என்றேன்.

அண்ணன் என்பது பெரியம்மா மகன். சுங்காய்ப் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோம். நான் படித்து வேலைக்குப் போனேன். அவர் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் கார் பட்டறை வைத்தார். எங்கள் சொந்தத்தில் அவர் பார்க்காமல் யாரும் பழைய கார் வாங்கியதில்லை. விலை, நிறம் எல்லாம் பிறகுதான், "அவன் பார்த்துட்டானா?" என்பதே முதல் கேள்வி. பார்ப்பதற்கு அவர் காசு வாங்க மாட்டார். ஒரு வேளைச் சோறு போட்டால் போதும். அவர் சரி என்ற பிறகு கார் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும். பூசை முடிந்ததும் ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுப்பார். அண்ணன் பாதி மந்திரித்துவிட்டார், மீதியைத்தான் ஃபாதர் செய்கிறார் என்று வீட்டில் கேலி பேசுவோம். ஃபாதரே தன் பழைய காரை அவரிடம்தான் விடுவார்.

எனக்கு ஏன் ஸ்போர்ட்ஸ் கார் என்று அப்போது எல்லாரும் கேட்டார்கள். அண்ணன் மட்டும் கேட்கவில்லை. பள்ளி, பல்கலைக்கழகம், வேலை, கல்யாணம், பிள்ளை என்று எல்லாவற்றையும் வரிசை தவறாமல், பிறர் சொன்ன நேரத்தில் செய்தவள் நான். பிள்ளைக்கு எட்டு மாதமானபோது காம்பாரில் வேலைக்குத் திரும்பினேன். காலையில் அம்மா வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். நான் ஈப்போவிலிருந்து கிளம்புவேன். யாரும் என்னைக் கூப்பிடாத நேரம் அந்தப் பயண நேரம் மட்டும்தான். அதை எனக்குப் பிடித்த ஒன்றில் உட்கார்ந்து கழிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. புதியது எட்டாது, பழையதென்றால் முடியும். நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். உதிரிபாகம் கிடைக்குமா, ஏர்கோன் இந்த வெயிலைத் தாங்குமா, சாலை மேட்டில் காரின் அடிப்பக்கம் தட்டுமா, இரண்டே கதவுள்ள காரில் பிள்ளையின் சீட்டை எப்படிப் பின்னால் நுழைப்பது. நோட்டைப் பார்த்து அண்ணன் சிரிக்கவில்லை. "தினமும் ஓட்டப் போறியா, ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டப் போறியா?" என்று கேட்டார். தினமும் என்றேன். "அப்ப மூஞ்சியப் பார்க்காத. வயித்தப் பாரு."

அவரே ஒன்றைத் தேடிப் பிடித்தார். நான் பார்த்து வைத்திருந்த நீலக் காரின் அதே ரகம், சாம்பல் நிறம். காம்பாரில் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவருடையது. முதல் நாளிலிருந்து செய்த ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் அவர் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அண்ணன் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியபோது அவர் முகத்தில் எனக்காகச் சந்தோஷப்படுவது தெரிந்தது. ஆனால் காரின் கூரையில் சாயம் தேமல்போல் உரிந்திருந்தது. அதை அலுவலக வாசலில் நிறுத்துவதை நினைத்துப் பார்த்தேன். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி வந்துவிட்டேன்.

என்னைப்போல் பயந்த சுபாவம் உள்ளவர்கள் பத்துப் பேரிடம் கேட்போம். அறிவுரைக்காக அல்ல, நமக்கு வேண்டிய பதிலை யாராவது சொல்லும்வரை கேட்போம். இணையத்தில் யாரோ முகம் தெரியாத ஒருவர், தண்ணீரில் நின்ற காரையும் நன்றாகக் கழுவிக் காயவைத்தால் பிரச்சினை வராது என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. அடுத்த வாரம் நீலக் காரை வாங்கினேன்.

ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் கார் நின்றது. என் கணவர் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தார். அத்தை கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதர் தீர்த்தச் செம்போடு வந்துகொண்டிருந்தார். அம்மா என் முழங்கையைத் தொட்டு, "அண்ணன் பார்த்துட்டானா?" என்றார். கணவரும் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேண்டாமென்றார் என்று சொல்லியிருக்கலாம். "பார்த்துட்டாரு. நல்ல காடின்னு சொன்னாரு," என்றேன். அடுத்த நொடி தீர்த்தம் காரின் மேல் விழுந்தது. ஒரு துளி என் கன்னத்திலும் விழுந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஐந்து மாதம் அது அருமையாக ஓடியது. அதையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் பிள்ளையைத் தடுப்பூசிக்கு அழைத்துப் போய்விட்டு, காம்பாரில் ஒரு தோழியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். பிற்பகல் மழை. முதலில் வைப்பர் நின்றது. பிறகு விளக்குகள் எல்லாம் ஒருசேர மினுக்கி அணைந்தன. ஓரம் கட்டுவதற்குள் எஞ்சினும் போய்விட்டது. கண்ணாடி இறங்கவில்லை. கதவின் பூட்டு இரண்டு பக்கமும் விடுபடவில்லை. உள்ளே சூடு ஏறியது. பின்னால் பிள்ளை அலறினான். முன் சீட்டைத் தாண்டி ஊர்ந்து போய் அவன் சட்டையைக் கழற்றினேன். பக்கவாட்டில் லாரிகள் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போயின. செம்பனைக் குலை ஏற்றிவந்த ஒரு லாரிக்காரர் நிறுத்தி, இரும்புக் கம்பியால் கண்ணாடியை உடைத்து எங்களை வெளியே எடுத்தார். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவன் அழுது முடித்து என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் நேராக நினைக்க முடிவதில்லை.

அன்று மாலை அம்மா அண்ணனுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தேன். அம்மா அவரை வளர்த்தவர்களில் ஒருவர்; அந்த உரிமையில் பேசினார். தங்கச்சிதானே என்று அலட்சியமா, உன்னை நம்பித்தானே பச்சைப்பிள்ளையை அதில் ஏற்றினாள் என்றெல்லாம். போன் சத்தமாக வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கம் பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டும் ஒலி வந்தது. பிறகு அண்ணன் சொன்னார்: "ஆமா சின்னம்மா. நான்தான் சரியாப் பார்க்கல." நான் அடுத்த கவளத்தை உருட்டினேன். அதைப் பிள்ளையின் வாயில் வைத்தேன்.

அதன்பின் யாரும் அவரிடம் சண்டை போடவில்லை. சும்மா விலகிப் போனார்கள். சுங்காய் மாமா தன் காரை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் மாமா, "அவன்கிட்ட காட்டினா, தண்ணி லாரிய ஸ்போர்ட்ஸ் காடின்னு நம்ம தலையில கட்டிருவான் லா," என்றபோது மேசையே சிரித்தது. கறிக் கிண்ணத்தைப் பிடித்தபடி நானும் சிரித்தேன். அண்ணன் வாசலில் பிள்ளைகளுக்கு மத்தாப்பு கொளுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். மறு வருடம் அவர் வரவில்லை. பட்டறையில் வேலை அதிகம் என்றார்கள்.

இதெல்லாம் நடந்து நான்கு ஆண்டுகள். போன மாதம் என் கணவருக்கு ஒரு பழைய கார் தேவைப்பட்டது. எனக்கு வேறு யாரையும் நம்பத் தெரியவில்லை. வெட்கமில்லாமல் ஜெலாப்பாங்குக்குப் போனேன். அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பிள்ளையின் படிப்பை விசாரித்தார். கார் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த துணியை மடித்தார். "சொந்தக்காரங்க காடி இப்ப நான் பார்க்கிறதில்ல, தங்கச்சி." குரலில் கோபம் இல்லை. கடை மூடும் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. கோயில் வாசலில் நான் சொன்ன பொய்யை, போனில் அவர் பேசியபோது நான் கேட்டுக்கொண்டிருந்ததை எல்லாம் சொன்னேன். பிறகு, "இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே. என்கிட்ட ஏன் சொல்றே? சின்னம்மாகிட்ட சொல்லு," என்றார்.

அதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அம்மா சமையலறையில் நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "அந்த நீலக் காடி விஷயம்மா," என்று ஆரம்பித்தேன். "எந்தக் காடி?" என்றார். உண்மையாகவே மறந்திருந்தார். காரை மறந்துவிட்டார், அண்ணன் வேலையை நம்ப முடியாது என்பதை மட்டும் மறக்கவில்லை. நான் முழுவதையும் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. நெத்திலியைத் தள்ளி வைத்தார். கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். "நான் அவனை அன்னைக்கு என்னென்ன கேட்டேன்," என்று மட்டும் சொன்னார். என் பாரத்தை இறக்கி வைக்கப் போனவள், அதில் பாதியை அம்மாவின் தலையில் ஏற்றிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "காடிய எடு," என்றார். ஜெலாப்பாங்குக்கு ஓட்டினேன். பட்டறையில் அண்ணன் ஒரு வேனுக்கடியிலிருந்து எழுந்து வந்தார். நாங்கள் இருவரும் இறங்குவதைப் பார்த்தார். எங்கள் காரின் முன்பக்கத்தைப் பார்த்தார். கை பழக்கத்தில் பானட் பக்கம் போனது; பாதியில் நின்றது.

"காடிக்கு என்ன, சின்னம்மா?"

"காடிக்கு ஒண்ணுமில்லய்யா," என்றார் அம்மா. என் பக்கம் திரும்பினார். மீதியை, பட்டறையில் இருந்த எல்லார் முன்னாலும், நான்தான் சொன்னேன்.