திருச்சிக்குச் சேர்த்த பொயின்ட்ஸ்

பொகவந்தலாவை பஸ் ஸ்டாண்டில் அக்கா ஏறுவார். நான் ஏறுவது அதற்குக் கீழே, ரோடு வளையும் தேயிலை ஃபெக்டரி முடக்கில். அதற்குள் ஹட்டன் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் ஜன்னலோரம் அக்காவும், பக்கத்து சீட்டில் அவருடைய கைப்பையும் இருக்கும். என்னைக் கண்டதும் பையை மடிக்கு எடுத்துக்கொள்வார். நின்றுகொண்டு வருகிறவர்கள் முறைத்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

அவர் என் சொந்த அக்கா இல்லை. ஹட்டனில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறோம், அவ்வளவுதான். அவருடைய அப்பா தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு ஐயாவாக இருந்தவர். என் அப்பாவும் அம்மாவும் காலையில் பெரட்டுக் களத்தில் அவர் முன்னால் நின்று, பேர் கொடுத்து, மலைக்குப் போனவர்கள். அந்த வீட்டுப் பெண் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த எனக்கு தினமும் இடம் பிடித்து வைக்கிறார் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

கிரெடிட் கார்டுப் பேச்சு தொடங்கியதும் அந்த சீட்டில்தான். அக்கா முதலில் எடுத்தார். சேர்ந்தவுடன் பேங்க்காரன் கொட்டிக் கொடுக்கும் பொயின்ட்ஸில் விமான டிக்கட் வாங்கலாம், முதல் வருடம் கட்டணமும் இல்லை என்றார். என்னிடமும் ஒரு கார்டு இருந்தால் இரண்டு பேருடைய பொயின்ட்ஸையும் சேர்த்து இரண்டு பேரும் திருச்சிக்குப் போய் வரலாம். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், சேலைக்கடை. வீட்டுக்காரர்கள் இல்லை, பிள்ளைகள் இல்லை, யாருக்கும் சோறு கட்ட வேண்டியதில்லை. நான் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. எனக்கென்று ஒரு பயணமும் போனதில்லை. ஹட்டனுக்கு அப்பால் வட்டவளை தாண்டினால் ஏதாவது கல்யாணம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி.

பேங்க்காரன் சும்மா கொடுப்பானா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் வாயை அடைத்துவிட்டு அக்கா சொன்ன இடங்களில் கையெழுத்துப் போட்டேன். பரிசுப் பொயின்ட்ஸ் கிடைக்க மூன்று மாதத்துக்குள் ஒரு பெருந்தொகைக்குக் கார்டில் சாமான் வாங்க வேண்டும். தம்பி வீட்டுக் கூரைத்தகரம், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் என் கார்டில் வாங்கி, அவர்களிடம் கைக்காசாகப் பெற்றேன். யாராவது கடைக்குக் கிளம்பினால் கார்டோடு நானும் கிளம்புவேன். வீட்டில் எல்லோரும் என்னைக் கேலி பண்ணினார்கள்.

ஒரு வருடம் முடிந்ததும் வருடக் கட்டணம் வந்தது. கார்டை மூடிவிடலாமா என்று பஸ்ஸில் அக்காவிடம் கேட்டேன். டிசம்பர் லீவுக்குக் கொழும்பில் தங்கச்சி வீட்டுக்குப் போய் வந்தவர், எனக்குப் பொங்கலுக்கென்று மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலையும் கொண்டு வந்திருந்தார்.

"மூடிடாத. மூடுனா பொயின்ட்ஸ் எல்லாம் போயிரும். நானும் கட்டத்தான் போறேன். அடுத்த லீவுக்குக் கட்டாயம் போறோம்."

கட்டணத்தையும் டிக்கட் விலையையும் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் டிக்கட் பக்கம்தான் கனமாக இருந்தது. கட்டினேன்.

அந்த அடுத்த லீவில் அக்காவின் மாமியாருக்குச் சுகமில்லை. அதற்கடுத்த லீவில் மகளுக்குப் பரீட்சை. மறுபடியும் வருடக் கட்டணம் வந்தது. இந்த முறை பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஹட்டன் பேங்குக்குப் போய், எங்கள் இரண்டு பேருடைய பொயின்ட்ஸையும் சேர்த்து டிக்கட் எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஒருவருடைய பொயின்ட்ஸை இன்னொருவருடையதோடு சேர்க்க முடியாது, எப்போதுமே முடியாது என்றார். புதிதாக ஒருவரைச் சேர்த்துவிட்டால், சேர்த்துவிட்டவருக்குத் தனியாக பொயின்ட்ஸ் உண்டு என்றும் சொன்னார். என்னுடையதை மட்டும் வைத்துப் போகலாமா என்றேன். தட்டிப் பார்த்துவிட்டு, போகிற டிக்கட்டுக்குப் போதும், திரும்பி வரப் போதாது என்றார்.

சாயந்திர பஸ்ஸிலும் அக்கா இடம் பிடித்து வைத்திருந்தார். உட்கார்ந்ததும் பேங்கில் சொன்னதைச் சொல்லிக் கேட்டேன். நோர்வுட் வரை கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே வந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த டிசம்பரில் போனது கொழும்புக்கு இல்லை. வீட்டுக்காரரோடு திருச்சிக்கு. அக்காவின் பொயின்ட்ஸும், என்னைச் சேர்த்துவிட்டதற்குக் கிடைத்ததும் சேர்ந்து இரண்டு பேருக்கும் போகிற டிக்கட்டுக்குச் சரியாக வந்திருக்கிறது; திரும்பி வரக் கைக்காசு போட்டிருக்கிறார்கள். திரும்பி வந்த கையோடு, கட்டணம் வருவதற்கு முன்னமே, கார்டை மூடிவிட்டார்.

"அப்ப என்னைய ஏன் கட்டச் சொன்னீங்க?"

"நீ மூடப் போனா நானும் மூடிட்டேன்னு சொல்ல வேண்டி வரும்ல. அப்புறம் எல்லாத்தையும் சொல்லணும். எனக்கு வாய் வரல."

சேலை எங்கே எடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு பொங்கலன்று கோயிலுக்குப் போனேன். கொழும்புக் கடையில் நல்ல சாமான் வருகிறது என்று அவரிடமே புகழ்ந்தேன். அவரும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். திருச்சிக்குப் போனதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். கட்டியவர் கூப்பிட்டால் யார்தான் போக மாட்டார்கள். தான் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லும் கூச்சத்துக்குப் பயந்து, என்னை ஒரு வருடக் கட்டணம் கட்ட வைத்தாரே, அதுதான் ஆறவில்லை. கோபத்தில் 'அவள்' என்று எழுதிப் பார்த்தேன். கண்டாக்கு ஐயா வீட்டுப் பிள்ளையை அப்படி எழுத இந்தக் கை இன்னும் பழகவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

மறுநாள் காலை ஃபெக்டரி முடக்கில் பஸ் நின்றது. நெரிசல்தான். அக்கா என்னைக் கண்டதும் வழக்கம்போலப் பையை மடிக்கு எடுத்துக்கொண்டார். நான் முன்னால் போகாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

கொண்டக்டர் டிக்கட் கிழித்தபடி, "டீச்சர், அங்க சீட்டு இருக்கே" என்றார்.

"அது யாருக்கோ புடிச்சு வச்சது," என்றேன்.

அக்காவுக்குக் கேட்டிருக்கும். வழக்கமாக எனக்கான இடம் என்று நின்றவர்கள் யாரும் உட்காரவில்லை; சீட் வெகுதூரம் காலியாகவே வந்தது. டிக்கோயாவில் ஏறிய ஒருவர் அதில் உட்கார்ந்தார். அக்கா ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டார். நான் ஹட்டன் வரை நின்றுகொண்டே போனேன்.