அம்மா சிரித்த தூரம்

சில வருடங்களுக்கு முன்பு, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. அம்மா அங்கேதான் மீன் விற்கிறார். நான் அப்போதுதான் கேமரா வாங்கியிருந்தேன். கிட்டே போகப் போகத்தான் படம் நன்றாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, அம்மாவின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, மூஞ்சிக்குள்ளயே பூந்துடுவ போல கீது. தள்ளிப் போ, யாவாரத்தப் பாக்கணும்" என்றார். எடுத்த படம் எல்லாவற்றிலும் ஆதார் அட்டையில் இருப்பதுபோல உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

அன்று ஆபீஸ் தோழி ஒருத்தியும் என்னோடு வந்திருந்தாள். அவளுக்கும் கேமரா பைத்தியம். அம்மாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். மீன் கூடைக்கு அந்தப் பக்கம், கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பேச்சுக் கொடுத்தாள். அம்மா அவளைக் "கண்ணு" என்றார். டீ வேறு வாங்கிக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. படகுகளை எடுக்கப் போகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் ஆபீஸில் அவள் ஒரு படம் காட்டினாள். ஐஸ், கூடைகள், பின்னால் நிற்கும் படகுகள், நடுவில் கையில் கத்தியோடு, தலையைச் சாய்த்துச் சிரிக்கும் அம்மா. நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததே இல்லை. "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் திறந்தேன்.

அதோடு முடியவில்லை. அவள் பிரேம் போட்டும் கொடுத்துவிட்டாள். "இத்த செவுத்துல மாட்டு. இதுலதான் நான் நான் மாதிரியே கீறேன்" என்றார் அம்மா. என் வீட்டில், என் அம்மாவை, வேறு யாரோ எடுத்த படம். ஆணி அடித்தது நான்தான்.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தோழியிடம் கேட்டே விட்டேன். அப்படி என்ன சொல்லித்தான் சிரிக்க வைத்தாள்?

"நான் ஒண்ணும் சொல்லலை. அவங்கதான் உன்னைப் பத்திச் சொன்னாங்க. ஸ்கூல்ல உன்மேல மீன் நாத்தம்னு கிண்டல் பண்ண பையனோட டிபன் பாக்ஸை ஜன்னல் வழியா வீசிட்டியாமே? அதைச் சொல்லும்போதுதான் எடுத்தேன்."

அந்த டிபன் பாக்ஸுக்காக அம்மா என்னைத் துடைப்பத்தால் விளாசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உள்ளுக்குள் அவருக்கு அவ்வளவு பெருமையா?

இப்போதெல்லாம் நானும் எட்டத்தில் உட்கார்ந்து, அவர் பேசட்டும் என்று காத்திருக்கிறேன். படங்கள் பரவாயில்லாமல் வருகின்றன. ஆனாலும் என்னை நினைத்து அம்மா சிரித்த அந்தச் சிரிப்பை நேரில் பார்க்க அவளுக்குத்தானே கொடுத்துவைத்திருந்தது என்ற பொறாமை மட்டும் இன்றுவரை தீரவில்லை.