போய்க்கினே கீது

பினாயில் வாசனை எங்கே அடித்தாலும், தாம்பரத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளியின் இன்டர்வியூ அறை வாசலில், எண்ணெய் வழியும் தலையும் கஞ்சி போட்ட கவுனுமாக, ஐந்து வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற காலைப்பொழுது எனக்கு இன்றும் திரும்பி வருகிறது.

பம்மலில் தோல் கம்பெனி வேலைக்குப் போய்வந்த அம்மாவுக்கு என்னை அந்தப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்பது ஒன்றே ஆசை. அதற்காக, விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் எங்கள் எதிர்வீட்டு 'ட்யூஷன் அக்கா' ஒரு மாதமாக "மை நேம் இஸ்", "மை ஆம்பிஷன் இஸ்" என்று எனக்கு உருவேற்றியிருந்தாள். உள்ளே இருந்த மிஸ், நான் ஒப்பிக்கத் தொடங்கியதுமே கையமர்த்தினார்.

"அதெல்லாம் வேணாம் பாப்பா, நேச்சுரலா பேசு. வீட்ல எப்படிப் பேசுவியோ அப்படியே. உங்க வீட்டைப் பத்திச் சொல்லு."

நம்பிவிட்டேன். எங்கள் தெருவில் எனக்குப் பெருமையாக இருந்த ஒரே விஷயத்தைச் சொன்னேன்: "எங்க வூட்டு மேல ஏரோப்ளேன் போய்க்கினே கீது மிஸ்!"

அவர் சிரித்த சிரிப்பை மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. பக்கத்து மேசை டீச்சரைக் கூப்பிட்டு, "கேட்டீங்களா, போய்க்கினே கீதாம்!" என்று சொல்லிக் காட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க பொண்ணு இங்க அட்ஜஸ்ட் ஆக மாட்டா" என்று அம்மாவை அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, "இனிமே இந்த வூ... வீட்ல யாரும் 'கீது'ன்னு சொல்லக் கூடாது, இன்னா... என்ன?" என்றாள். குழாயடியில் தெருவையே சிரிக்கவைத்த என் அம்மா, அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துப் பேசி, மெல்ல மெல்லப் பேச்சையே குறைத்துக்கொண்டாள். சீட் போனதுகூடப் பரவாயில்லை, இதற்காகத்தான் அந்த மிஸ்மேல் வன்மம் வளர்த்தேன்.

இப்போது காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மாணவர் சேர்க்கைக்கு இன்டர்வியூ எடுப்பவள் நான். சென்ற ஆண்டு தன் மகனோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார் அதே மிஸ். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பையன் நன்றாகவே பேசினான்; அவன்மேல் எனக்கென்ன கோபம்? முடிவை மறுநாள் சொல்வதாக அனுப்பிவைத்தேன்.

மறுநாள் சொன்னேன்: "உங்க பையனுக்கு சீட்டு கீது மேடம்."

அவர் முகம் ஒரு கணம் சுளித்தது. பிறகு எழுந்து நின்று, "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்று கும்பிட்டார்.

"சிரிப்பு வந்தா சிரிங்க மேடம், நேச்சுரலா இருங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

ஆனால் அந்த ஒரு வரியை, முந்தின நாள் மாலை கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த பிறகுதான் என்னால் சொல்ல முடிந்தது. நடந்ததை அம்மாவிடம் சொல்லும்போது தலைக்கு மேலே விமானம் இரைந்தது. வேண்டுமென்றே, "இன்னாம்மா அது?" என்று கேட்டேன். அம்மா அண்ணாந்து பார்த்து, கொஞ்சம் யோசித்து, "ஏரோப்ளேன்... போயிட்டே இருக்கு" என்றாள்.