சட்டப்படி சின்னப்பிள்ளை

நானும் என் தங்கையும் இரட்டைப் பிள்ளைகள். கால் மணி நேரம் முந்திப் பிறந்ததால் நான் அக்கா. எங்களுக்குப் பதினாறு வயது நடந்தபோது, பாம்பனில் எங்கள் தெருவை ஒட்டி, இறால் உரித்து ஐஸில் வைத்து அனுப்பும் கம்பெனி ஒன்று வந்தது. இருவரும் வேலை கேட்டுப் போனோம்.

பதினெட்டு முடியாதவர்களுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார் மேனேஜர். எங்கள் வயதுக்கு அத்தாட்சியாக, ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துப் பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த சீட்டோடு, அம்மா எங்களை ரயிலில் ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போனாள். அரசாங்க டாக்டர் எங்கள் பல்லைப் பார்த்தார், எடை போட்டார், சுவரோரம் நிறுத்தி உயரம் குறித்தார். நான் பெரியவர்களைப் போல முழு நாளும் வேலை செய்யலாம் என்று எழுதினார். தங்கை டைபாய்டில் கிடந்து எழுந்தவள், எலும்பும் தோலுமாக இருந்தாள். அவளுக்கு ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம்தான்.

"ரெண்டும் ஒரே நாள்ல பொறந்ததுங்கய்யா" என்றாள் அம்மா.

"வயசு ஒண்ணுதாம்மா. ஒடம்பு தாங்காதுன்னா, சட்டத்துக்கு அவ சின்னப்பிள்ளைதான்."

திரும்பி வரும்போது ரயிலில் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் என் வயதாக இருந்தவள் மத்தியானத்துக்குள் எப்படிக் குழந்தையாக முடியும்? அவள் பாட்டுக்குக் கடலைப் பார்த்தபடி வந்தாள்.

அவளுடைய வேலை நேரத்தை, 'குழந்தை' என்று தலைப்புப் போட்டு, கம்பெனிச் சுவரில் எழுதி ஒட்டினார்கள். உச்சிக்குள் அவள் கிளம்பிவிடுவாள். ஒருநாள் வள்ளங்கள் கொள்ளாத இறால் வந்தது. சாயங்காலம்வரை இருக்கச் சொன்னார் மேனேஜர். அவள் நிதானமாகக் கை கழுவினாள்.

"நான் சின்னப்பிள்ளை சார். சுவத்துல நீங்கதான ஒட்டியிருக்கீக."

மேனேஜர் சுவரைப் பார்த்தார். அடுத்த மேசைப் பக்கம் போய்விட்டார். நான் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் ஐஸில் என் விரல் மரத்துப்போயிருக்க, அவள் வெயிலில் கைவீசி நடந்து போனதைப் பார்த்தபோது பொறாமையாகவும் இருந்தது.

மத்தியானங்களில் அவள் கன்னியாஸ்திரீகளிடம் தையல் படித்தாள். மறு வருஷம் சர்டிபிகேட்டைப் புதுப்பிக்கப் போனபோது அதே டாக்டர் அவளுக்கும் முழு நாள் எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்குச் சந்தோஷம், அவளோ வீட்டுக்கு வந்து அழுதாள். அரை நாளே போதும் என்று மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தாள். முழு நாள் வருவதென்றால் வா என்றார். அந்த வாரமே வேலையை விட்டு நின்று, மடத்துத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் கல்யாணம் ஆகும்வரை இறால் உரித்தேன்.