புகையிலைத் தோட்டத்துக் கேள்வி

எண்பத்தைந்தில், ஜெர்மனியின் பான் நகரத்து அகதி விடுதியில் நாங்கள் ஐந்து யாழ்ப்பாணத்தார் ஓர் அறையில் இருந்தோம். நால்வர் ஒரே சாதி. ஐந்தாமவன், எங்கள் தோட்டங்களில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தவர்களின் பிள்ளை. பொதுச் சமையலறையில் அவனுடைய கோப்பை மட்டும் ஜன்னலோரத்தில் தனியே இருக்கும். வைக்கும்படி யாரும் சொன்னதில்லை. எடுத்து மற்றவற்றோடு வைத்தவரும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்துத் தேவாலயத்துப் பாதிரியார் எங்களைப் படம் பார்க்க அழைத்தார். அமெரிக்காவில் அடிமைமுறை தோன்றிய கதை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை, பத்திரிகை வேலையில் மொழிபெயர்த்துப் பழகிய நான் தமிழில் சொன்னேன். வர்ஜீனியாவில் புகையிலை நன்றாக விளைந்தது. வேலைக்கு ஆள் போதவில்லை. முதலில் கப்பல் கட்டணத்துக்காகச் சில வருட உழைப்பை எழுதிக் கொடுத்த இங்கிலாந்து ஏழைகள் வந்தார்கள். பிறகு, ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்ள ஆப்பிரிக்கர்கள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் எழுதினார்கள். தோட்டக்காரனோடு லண்டன் வியாபாரியும் அதில் பணக்காரனானான்.

விளக்குப் போட்டதும் ஐந்தாமவன் எழுந்தான்.

"அண்ணை, பாதிரியாரிட்டைச் சொல்லுங்கோ. என்ரை அப்பரும் உங்கட ஆக்களின்ரை புகையிலைக்குத் துலா மிதிச்சுத் தண்ணி இறைச்சவர். இஞ்சையும் என்ரை கோப்பை தனி. எனக்கு வேறை றூம் ஒண்டு எடுத்துத் தரேலுமோ எண்டு கேளுங்கோ."

விடுதியில் பாதிரியார் சொன்னால் நடக்கும். அது எல்லோருக்கும் தெரியும்.

"துரைக்குத் தனி றூம் வேணுமாம்!" என்றான் எங்களில் ஒருவன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சிங்களவன் அடிக்கிறான் எண்டுதானே அகதியா அசூல் கேட்டிருக்கிறம்? நீங்களும் அதைத்தானே செய்யிறியள் எண்டு விசாரிக்கிறவங்கள் கேட்டாங்கள் எண்டால் எங்கட வழக்கு என்னாகும்? சொல்லாதேங்கோ அண்ணை."

அடுத்த வாரம் எனக்கு அசூல் விசாரணை. பாதிரியார் புன்னகையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர்ஜீனியாவில் இப்போதும் புகையிலை பயிரிடுகிறார்களா என்று கேட்கிறார்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

நல்ல கேள்வி என்று மகிழ்ந்து அவர் நீண்ட பதில் சொன்னார். ஒரு வாக்கியமும் விடாமல் மொழிபெயர்த்தேன். ஐந்தாமவன் கடைசிவரை நின்றுகொண்டே கேட்டான்.

பஸ் தரிப்பிடத்தில் என் பக்கத்தில் வந்தான். "றூம் எண்டது இங்கிலீசுச் சொல்லுத்தானே அண்ணை? உங்கட வாயிலை அது வரேல்லை."

ஐவரும் ஒரே பஸ்ஸில் ஒரே அறைக்குத் திரும்பினோம். சமையலறையில் அவன் தேநீர் குடித்து, கோப்பையைக் கழுவி, ஜன்னலோரத்தில் வைத்தான். நான் கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் நின்றேன்.